வருகை எண்ணைக் காட்டிக் காணியை ஈடு வைக்காதீர்கள்

போன கிழமையும் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், என் அண்ணனுக்குப் படிப்பித்தவர். சட்டைப் பையில் இருந்து நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்து வைத்தார். 2025இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 23 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல், 2018இன் சாதனை முறிந்தது என்ற செய்தி. அந்த எண்ணுக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டிருந்தார்.

“தம்பி, இருபத்துமூண்டு லட்சம் பேர் வந்திருக்கினம். அதில நூற்றுக்கு ஒண்டு நிலாவெளிப் பக்கம் வந்தாலே எனக்குக் காணும். நீங்கள் ரிப்போர்ட்டை மட்டும் அடிச்சுத் தாங்கோ, மிச்சத்தை பாங்கில நான் கதைக்கிறன்.”

மனைவிக்குச் சீதனமாக வந்த காணியில் ஆறு அறை விடுதி கட்டப் போகிறார். வங்கியில் ஒன்றரைக் கோடி ரூபா கடன். ஈடு, அந்தக் காணியும் இப்போது குடியிருக்கிற வீடும்.

திருகோணமலையில் சின்ன விடுதிகளுக்குக் கணக்கு எழுதுவதும், கடனுக்குச் செயற்றிட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பதும்தான் 15 வருடமாக என் தொழில். 2018 முடிந்தபோதும் இதே செய்தியோடு என்னிடம் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேருடைய காணி இன்று அவர்கள் பெயரில் இல்லை. அந்த அறிக்கைகளில் ஒன்றை அடித்துக் கொடுத்தவன் நான்தான். அந்தப் பாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் இப்போது யார் வந்தாலும் முதலில் ஒரு மணித்தியாலம் உட்கார வைத்துப் பேசுகிறேன். அந்த ஆசிரியரிடம், எங்கள் சேரிடம், பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண் என்ன என்று பாருங்கள். விமான நிலையத்தில் ஒரு வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் முத்திரை விழும்போது ஒன்று கூடுகிறது. வந்தவர் கடலில் குளிக்க வந்தாரா, கொழும்பில் கூட்டத்துக்கு வந்தாரா, மாமியைப் பார்க்க வந்தாரா என்ற பேதம் மொத்த எண்ணில் இல்லை. ஓர் இரவாவது தங்கினால் அவர் உல்லாசப் பயணிதான். ஒரே ஆள் வருடத்தில் மூன்று தடவை வந்தால் மூன்று வருகை.

என் அக்கா குடும்பம் 2024 ஆகஸ்டில் ரொறன்ரோவில் இருந்து வந்தது. ஐந்து பேர், ஐந்து பேரிடமும் கனேடியக் கடவுச்சீட்டு. அந்த மாதம் பதிவான 164,609 வருகைகளில் ஐந்து அவர்களுடையது. படுத்தது எங்கள் வீட்டு விறாந்தையில், பாய் விரித்து. காலையில் அம்மாவின் பிட்டும் சம்பலும். மூன்று கிழமையில் எந்த விடுதிக்கும் அவர்கள் ஒரு சதம் கொடுக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஆடி ஆவணியில் வெளிநாட்டில் இருந்து எத்தனை குடும்பம் இப்படி வருகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற உறவினரை ஹோட்டலில் நிற்க விடுகிற வீடு எது? அவர்கள் வருவது நல்லது, கடைக்கும் ஓட்டோவுக்கும் காசு புழங்கும். ஆனால் உங்கள் ஆறு அறைக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.

“நூற்றுக்கு ஒண்டு” என்ற கணக்குத்தான் என்னை மிகவும் நோகடிப்பது. கணிதம் படிப்பித்தவரே அதைச் சொன்னபோது உண்மையாகவே மனம் பொறுக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று என்றால் 23 ஆயிரம் பேர். அந்த 23 ஆயிரம் பேரும் வரிசையாக வந்து உங்கள் கேற்றைத் தட்டப் போவதில்லை. உப்புவெளியில் இருந்து குச்சவெளி வரைக்கும் இருக்கிற எல்லா அறைகளும் அவர்களைப் பங்கு போடும். உங்களுக்கு முன்னே பத்து வருடமாகப் பெயர் எடுத்து, இணையத்தில் நூற்றுக்கணக்கான நல்ல கருத்துகளோடு இருக்கிற விடுதிகள் முதலில் நிரம்பும். நீங்கள் அதே பத்திரிகைத் துண்டைப் பார்த்துவிட்டு அத்திவாரம் வெட்டும்போது இன்னும் பத்துப் பேர் வெட்டுகிறார்கள். பயணிகள் கூடுவதை மட்டும் பார்க்கிறீர்கள், அறைகள் கூடுவதைப் பார்ப்பதே இல்லை. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த கிழமை வேறொருவர் அதே நூற்றுக்கு ஒன்றோடு வருகிறார்.

அடுத்தது மாதம். வருட மொத்தத்தைத் தூக்கி வைத்துவிட்டு, மாதக் கணக்கை எடுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை ஒவ்வொரு மாதமும் வெளியிடுகிறது, காசு கட்டத் தேவையில்லை. 2024இல் மொத்தம் 2,053,465 பேர். அதில் டிசம்பரில் மட்டும் 248,592. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல். இந்த நாலு மாதமும் சேர்ந்தால் 8 இலட்சத்து 84 ஆயிரம். அந்த நேரத்தில் பெரும்பகுதி எங்கள் கரை எப்படி இருக்கும்? மாரி மழை, வாடைக் காற்று, புறாத்தீவுக்குப் படகு போகாத கடல். அவர்களில் அநேகமானோர் அப்போது தெற்குக் கரையில், உனவட்டுனவிலும் வெலிகமவிலும் இருப்பார்கள்.

எங்கள் கடல் குளத்து நீர் மாதிரிக் கிடக்கிற மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நாட்டுக்கே வந்தவர்கள் 7 இலட்சம். நாடு முழுவதற்கும் மிகக் குறைந்த மாதம் மே, 112,128 பேர். ஜூனும் அதே அளவுதான். ஐரோப்பியப் பள்ளி விடுமுறை தொடங்கி ஜூலையில் 187,810 ஆக ஏறி, செப்டெம்பரில் திரும்பவும் விழுந்துவிடும். ஆக, பத்திரிகையில் கோடு போட்ட சாதனை எண்ணில் பெரிய பங்கு உங்கள் கதவு பூட்டிக் கிடக்கிற மாதங்களுக்கு உரியது.

சேர் நம்பவில்லை. உப்புவெளியில் ஒரு விடுதி, நான்தான் கணக்கு எழுதுகிறேன். சொந்தக்காரரிடம் கேட்டு, பெயர்களை மறைத்து, அவருடைய விருந்தினர் பதிவேட்டைக் காட்டினேன். நீல மட்டை போட்ட பெரிய புத்தகம். ஆகஸ்ட் பக்கங்களில் எழுத இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது: பிரான்ஸ், பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து. நவம்பருக்கு ஒரே பக்கம். அதில் ஏழு வரி. நாலு வரி ஒரே ஆள், தொலைபேசிக் கோபுரம் திருத்த வந்த பொறியியலாளர். பக்கத்தின் அடி ஈரத்தில் ஊறி மை பரவியிருந்தது. சேர் விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு முந்தைய வருடத்து நவம்பரைக் கேட்டார். அதில் ஐந்து வரி.

பணக் கதையும் கேளுங்கள். 2018இல் வந்த 2,333,796 பேரால் நாட்டுக்குக் கிடைத்தது 438 கோடி டொலர். தலைக்கு ஏறக்குறைய 1,880 டொலர். 2024இல் 317 கோடி. தலைக்கு 1,540 அளவில். வருகையில் 2018ஐத் தாண்டிவிட்டோம், வருமானத்தில் இன்னும் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆட்களும் மாறிவிட்டார்கள். 2018இல் 2 இலட்சத்து 65 ஆயிரம் சீனர்கள் வந்தார்கள், 2024இல் அதில் பாதிதான். 64 ஆயிரமாக இருந்த ரஷ்யர்கள் 2 இலட்சமானார்கள், அவர்களில் பெரும்பாலானோர் தெற்குக் கரைக்குப் போகிறவர்கள். இரண்டு வருடமும் இந்தியர்கள்தான் முதலிடம். கோணேஸ்வரத்துக்கு வருவார்கள், கும்பிட்டுவிட்டு அன்றே அல்லது அடுத்த நாள் போய்விடுவார்கள். “ரூபாவில பார்த்தால் கூடத்தானே?” என்பார்கள். டொலர் 160 ரூபா இருந்த காலமும் 300 ரூபா இருக்கிற காலமும் ஒன்றா? சீமெந்தும் கம்பியும் ஏசியும் 300 ரூபா விலையில்தான் வருகின்றன.

சேர் கொண்டுவந்த கணக்கு ஒரு வரி: ஆறு அறை, 365 நாள், நூற்றுக்கு எழுபது நிரம்பும், அறைக்கு 12,000 ரூபா. வருடத்துக்கு 1 கோடி 84 இலட்சம். நான் அவர் முன்னாலேயே மறுபடி போட்டேன். சீசன் 150 நாள். அதில் அறுபது வீதம் நிரம்பினால் 540 அறை இரவு, புதிய இடத்துக்கு அதுவே நல்ல எண். 12,000இல் இணையப் பதிவுத் தளத்துக்கு 15 வீதம் போக 10,200. காலைச் சாப்பாடு, சலவை, கரண்ட், தண்ணீர் எல்லாம் அறைக்கு 3,500. மிச்சம் 6,700. மொத்தம் 36 இலட்சம். இரண்டு வேலையாட்களுக்கு மாதம் ஐம்பதாயிரம் வீதம் வருடச் சம்பளம் 12 இலட்சம், ஏனென்றால் மாரியில் நிறுத்தினால் சித்திரையில் திரும்பி வரமாட்டார்கள். பெயின்ற், உப்புக் காற்றில் துருப்பிடிக்கிற ஏசி, அனுமதிப்பத்திரம் என்று 3 இலட்சம். கையில் 21 இலட்சம். ஒன்றரைக் கோடிக்கு 13 வீத வட்டியில் பத்து வருடத் தவணை மாதம் 2 இலட்சத்து 24 ஆயிரம், வருடத்துக்கு 26 இலட்சத்து 88 ஆயிரம். நல்ல வருடத்திலேயே ஐந்தரை இலட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. ஓய்வூதியத்தில் இருந்தா அதைக் கட்டுவது?

நான் சொன்னது நல்ல வருடம். கெட்ட வருடம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 2018 மே மாதம் வந்தவர்கள் 129,466. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வந்த 2019 மே மாதத்தில் 37,802. பிறகு கொரோனா, 2021 வருடம் முழுவதற்கும் 194,495. மூச்சு விடும்போது 2022 எரிபொருள் வரிசை. 2024 ஒக்டோபரில் அறுகம்குடாவுக்குப் போக வேண்டாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. 2025 நவம்பரில் டித்வா புயல். இவற்றில் ஒன்றுக்கும் விடுதிக்காரர் பொறுப்பில்லை, ஆனால் தவணை அவருடையதுதான். வங்கிகள் தவணையை ஒத்திவைத்தன, உண்மை. வட்டி நிற்கவில்லை, முதலோடு சேர்ந்தது. சலுகை முடிந்த மாதம் வந்த கடிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் கதிரையில் இருந்து எழும்ப முடியாமல் இருந்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன்.

கடன் எடுக்கிற அநேகமானவர்களுக்குத் தெரியாத ஒன்று: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த ஆதனத்தை வங்கி நீதிமன்றத்துக்குப் போகாமலே ஏலத்தில் விற்கலாம். பராட்டே என்று சொல்வது இதைத்தான். 2024இல் தற்காலிகமாக நிறுத்தி வைத்தார்கள். நிறுத்தி வைத்தது மட்டும்தான், சட்டம் இருக்கிறது. குடியிருக்கிற வீட்டை ஈடு வைக்காதீர்கள். வங்கி கேட்டாலும் வைக்காதீர்கள். அந்த வீட்டை வைத்தால்தான் கடன் கிடைக்கும் என்றால், அந்தக் கடன் உங்களுக்குப் பெரிது.

கட்டத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு அறையில் தொடங்குங்கள், சேமிப்பில். இரண்டு சீசன் நடத்திப் பாருங்கள். அதிகார சபையில் முதல் நாளே பதிவு செய்யுங்கள். கடலில் இருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி கையில் வரும் வரைக்கும் ஒரு கல்லும் வைக்காதீர்கள். மேசனும் தரகரும் “பிறகு பார்க்கலாம்” என்பார்கள், இடிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது அவர்கள் இருக்கமாட்டார்கள். நாட்டின் மொத்தத்தை விடுங்கள், அதிகார சபையின் வருடாந்த அறிக்கையில் கிழக்குக் கரைக்கு அறை நிரம்பல் வீதம் தனியாக இருக்கிறது. அதைப் பாருங்கள். ஒரே நாட்டுக்காரரை நம்பி, அவர்கள் மொழியில் பலகை எழுதி இடம் நடத்தாதீர்கள், ஒரு தூதரக அறிவித்தலில் எல்லாம் வெறுமையாகும். எட்டு மாதத் தவணை வைப்பில் இல்லாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளே, அப்பாவுக்குக் காசு அனுப்ப முன்னர் ஒரு கணக்காளரோடு பேசச் சொல்லுங்கள்.

சுற்றுலாவுக்கு நான் எதிரி இல்லை. சண்டை முடிந்த 2009இல் 447,890 பேர் வந்த நாடு இது. இன்று அதைப் போல ஐந்து மடங்கு வருகிறார்கள். இந்தக் கரையில் நன்றாக வாழ்கிற விடுதிக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கணக்கைத்தான் நான் எழுதுகிறேன். அநேகமாக எல்லோரும் சிறிதாகத் தொடங்கியவர்கள், மாரியில் வேறு வேலை வைத்திருப்பவர்கள்.

சேரிடம் ஒரு வேலை கொடுத்தேன். அன்று பின்னேரமே நிலாவெளிக் கடற்கரைக்குப் போய், இருட்டிய பிறகு எத்தனை விடுதிகளில் அறை வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணச் சொன்னேன். இரவு எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. பின்னால் மழைச் சத்தம்.

“பதினொரு இடம் பார்த்தன் தம்பி. மூண்டிலதான் லைற். அதில ஒண்டு வோச்சர்ட அறை போல.”

முடிவு இன்னும் சொல்லவில்லை. பத்திரிகைத் துண்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். காணி உறுதி அவர் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.