எல்டிஎல் நூறுதானே, பிறகு ஏன் மாத்திரை?

சர்க்கரை நோய் உள்ள ஒருவரின் பரிசோதனைச் சீட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 34, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 280, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 100. எடை சரியாகவே இருக்கிறது, தொப்பை மட்டும் கொஞ்சம். "கெட்ட கொழுப்பு நூறுதானே, அப்புறம் எதுக்கு ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை) எழுதியிருக்காங்க?" என்பது சர்க்கரை நோயாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. எல்டிஎல் வரிக்கு மேலும் கீழும் உள்ள எண்களைப் படித்தால்தான் அதற்கு விடை தெரியும். அந்த எண்கள் தொப்பையிலிருந்து வருகின்றன.

நம் உடலில் கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் நல்ல சேமிப்பு. அது பிறவியிலேயே அமையாதவர்களுக்கு, அதாவது லிப்போடிஸ்ட்ரோஃபி உள்ளவர்களுக்கு, கடுமையான சர்க்கரை நோய் வருகிறது. ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. தோலடியில் இடமில்லாத கொழுப்பு குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் தங்குவதே தொல்லை. இந்தியர்களுக்கு இந்தத் தோலடிச் சேமிப்பு சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. மருத்துவ ஆய்வாளர்களான புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடைக்கருவியை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதே 2004-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள், ஒவ்வொருவருக்கும் சுமார் 10 கிலோ. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறனிலும் சரி, ரத்தக் குறியீடுகளிலும் சரி, மாற்றமே இல்லை. கத்தி வைத்து 10 கிலோ எடுத்தே ஒன்றும் நடக்கவில்லை என்றால், கொழுப்பைக் கரைக்கும் பெல்ட்டும் பொடியும் என்ன செய்யும்? இடுப்பைச் சுற்றிக் கட்டும் எதுவும் கல்லீரலுக்குள் இருக்கும் கொழுப்பைத் தொடாது. இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பி, எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

சரி, தொப்பைக் கொழுப்பு ரத்தத்தை எப்படி மாற்றுகிறது? சாப்பிட்டதும் இன்சுலின் கொழுப்புச் செல்களிடம் 'கொழுப்பை வெளியே விடாதே' என்கிறது. இன்சுலினுக்குச் செல்கள் செவிசாய்க்காதபோது கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலுக்குப் போய்ச் சேர்கின்றன. கூடவே, சோற்றிலும் இனிப்பிலும் வந்த மிகுதிச் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக்குகிறது. இரண்டையும் ட்ரைகிளிசரைடாகத் திரட்டி, விஎல்டிஎல் என்ற பெரிய துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடுகிறது. எண்ணெயை அறவே நிறுத்தியும் ட்ரைகிளிசரைடு இறங்கவில்லை என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி நடப்பதுதான் உண்மையிலேயே அழகான உயிர்வேதியியல். ரத்தத்தில் சி.இ.டி.பி. என்றொரு புரதம் மிதக்கிறது. 2007-இல் அதன் வடிவத்தைப் படிகமாக்கிப் பார்த்தபோது, வளைந்த அந்தப் புரதத்துக்குள்ளே சுமார் 6 நானோமீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று இருந்தது. சுரங்கத்துக்குள் இரண்டு கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள். இந்தப் புரதத்தின் வேலை பண்டமாற்று. எல்டிஎல்லும் எச்டிஎல்லும் விஎல்டிஎல்லைப் போலவே ரத்தத்தில் ஓடும் துகள்கள்தான்; ஆனால் அவை சுமப்பது பெரும்பாலும் கொலஸ்ட்ரால். விஎல்டிஎல்லிலிருந்து ட்ரைகிளிசரைடை எடுத்து எல்டிஎல்லுக்கும் எச்டிஎல்லுக்கும் கொடுக்கும். பதிலுக்கு அவற்றின் கொலஸ்ட்ராலை விஎல்டிஎல்லுக்கு மாற்றும். விஎல்டிஎல் குறைவாக இருக்கும் உடலில் இந்த மாற்று அளவோடு நடக்கும். ட்ரைகிளிசரைடு 150-ஐ நெருங்கினாலே வேகம் பிடித்துவிடும்.

ட்ரைகிளிசரைடு ஏறிய எல்டிஎல் கல்லீரலைக் கடக்கும்போது, அங்குள்ள லைப்பேஸ் நொதி அந்த ட்ரைகிளிசரைடைச் செரித்துவிடுகிறது. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே கைமாறிவிட்டது, வந்த கொழுப்பும் போய்விட்டது. துகள் சுருங்கி, அடர்த்தியாகிறது. எச்டிஎல்லுக்கும் இதே கதிதான். அது சுருங்கும்போது அதன் மேலுள்ள அபோ-ஏ1 புரதம் கழன்று சிறுநீரகத்தின் வழியே நீங்கிவிடுகிறது. அதனால் எச்டிஎல்லின் எண்ணிக்கையே குறைகிறது. ஆகவே உயர்ந்த ட்ரைகிளிசரைடு, தாழ்ந்த எச்டிஎல், சிறுத்த எல்டிஎல் என்பவை மூன்று தனி நோய்கள் அல்ல. ஒரே பண்டமாற்றின் மூன்று விளைவுகள்.

சிறுத்த எல்டிஎல்லைக் கல்லீரலின் ஏற்பிகள் சரியாகப் பற்றுவதில்லை. அது ரத்தத்தில் நெடுநேரம் சுற்றுகிறது, சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது, ஆக்சிஜனேற்றம் அடைகிறது, தமனிச் சுவரில் புகுந்து அங்கேயே மாட்டிக்கொள்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஆய்வகம் எல்டிஎல் என்று தருவது துகள்களின் எண்ணிக்கை அல்ல; அவற்றிலுள்ள கொலஸ்ட்ராலின் எடை. நூறு மூட்டை நெல்லை ஒரே லாரியிலும் ஏற்றலாம், பத்து குட்டியானை வண்டிகளிலும் ஏற்றலாம். மூட்டையை மட்டும் எண்ணுகிறவருக்குச் சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று தெரியாது. சுவரில் புகுவது துகள்தான். ஒவ்வொரு எல்டிஎல்லிலும் விஎல்டிஎல்லிலும் அபோ-பி என்ற புரதம் சரியாக ஒன்றுதான் இருக்கும் என்பதால், அபோ-பி பரிசோதனை துகள்களை எண்ணித் தந்துவிடும். துகளின் அளவைச் சொல்லும் விலையுயர்ந்த பரிசோதனைகளுக்குச் செலவு செய்ய வேண்டாம். எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

அபோ-பி கிடைக்கவில்லையா? கையிலிருக்கும் சீட்டிலேயே ஒரு கழித்தல் போடுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் வருவது 'எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால்'. மேலே சொன்ன சீட்டில் 190-34=156. மொத்தம் 170, எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 100 உள்ள இன்னொருவரைப் பாருங்கள். அவருக்கும் எல்டிஎல் நூறுதான். ஆனால் இந்தக் கழித்தல் 120 தருகிறது. முப்பத்தாறு புள்ளி வித்தியாசத்தை எல்டிஎல் வரி முழுக்க மறைத்துவிட்டது. அந்த 'நூறு'கூடப் பல ஆய்வகங்களில் அளந்த எண் அல்ல. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்கும் 1972-ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் வருவது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற அது எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும்; 400-ஐத் தாண்டினால் பயன்படாது.

எச்டிஎல் நல்லதுதானே, அதையே ஏற்றினால் என்ன என்று மருந்து நிறுவனங்களும் யோசித்தன. சி.இ.டி.பி.-யைத் தடுக்கும் டார்செட்ரபிப் மருந்து எச்டிஎல்லை 70 சதவீதத்துக்கும் மேல் ஏற்றியது. சுமார் 15,000 பேரிடம் நடந்த அந்தச் சோதனை 2006 டிசம்பரில் நிறுத்தப்பட்டது, மருந்து எடுத்தவர்களில் இறப்பு கூடியதால். அதற்கு ரத்த அழுத்தத்தை ஏற்றும் தனிக் குணமும் இருந்தது. பின்னால் வந்த அனசெட்ரபிப் சிறிதளவு பலன் தந்தது. அதுவும் எச்டிஎல் அல்லாத கொலஸ்ட்ரால் குறைந்த அளவுக்கே பொருந்தியது. இப்படிப்பட்ட சோதனைகளுக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்கை அபோ-பி பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை மலிவாகக் கொண்டுபோகச் செலவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

உடலுக்குள் இருக்கும் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தக் குறியீட்டையும் தொப்பைக் கொழுப்பு ஏற்றும். லிட்டருக்கு 3 மி.கி.க்கு மேல் என்றால் ஆபத்து அதிகம். 10-ஐத் தாண்டினால் சளி, காய்ச்சல், பல் சீழ் ஏதாவது இருக்கலாம். ஆறியபின் மறுபடி எடுக்க வேண்டும்.

இடுப்பை அளப்பதிலும் பிழை வரும். பேன்ட் கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, நாடா தரைக்கு இணையாக இருக்க, வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சு விட்டு முடிந்த நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

இனி மாத்திரைக் கேள்விக்கு வருவோம். 2004-இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில், இதய நோய் வராத, எல்டிஎல்லும் உயராத சர்க்கரை நோயாளிகள் 2,838 பேர் இருந்தார்கள். தினம் 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி முடித்தார்கள். ஸ்டாட்டின் கல்லீரலில் ஏற்பிகளைக் கூட்டித் துகள்களை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளச் செய்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு எல்டிஎல் எண்ணைப் பார்க்காமலே ஸ்டாட்டின் தரச் சொல்வது இதனால்தான்.

ட்ரைகிளிசரைடுக்கோ முதலில் தட்டைத்தான் மாற்ற வேண்டும்: சோற்றின் அளவைக் குறைத்துப் பயறும் காயும் கூட்டுவது, இனிப்புப் பானங்களையும் மதுவையும் நிறுத்துவது, சாப்பிட்டபின் நடப்பது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது எடுத்த ட்ரைகிளிசரைடு எண்ணை வைத்துத் தனி மருந்து தொடங்குவது அவசரம்; சர்க்கரை இறங்கினால் அதுவும் பெருமளவு இறங்கும். ஸ்டாட்டின் தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் கொடுத்து, அதே கழித்தலைப் போட்டுப் பாருங்கள். எல்டிஎல் இலக்கு 70 என்று மருத்துவர் சொல்லியிருந்தால், இந்த எண் 100-க்குக் கீழே இருக்க வேண்டும்.