முதல் கேமரா வாங்கப் போகிறீர்களா? லென்ஸிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். கையில் கேனன் 1500டி. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. "அண்ணே, எடுக்கிற படமெல்லாம் ப்ளரா வருது. பாடியில ஏதோ ஃபால்ட் இருக்கு, பாருங்க" என்றார். பாடி என்றால் லென்ஸ் நீங்கலான கேமரா. வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை. அதைப் படம் எடுக்கத்தான் கடன் வாங்கி கேமரா வாங்கியிருக்கிறார்.

மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன். இருநூறு படங்களுக்கு மேல் இருந்தன. எல்லாம் இரவு நேரம், ட்யூப்லைட் வெளிச்சம், கேமராவோடு சேர்ந்தே வரும் கிட் லென்ஸை 55 எம்எம் வரை இழுத்து எடுத்தவை (எம்எம் எண் கூடக் கூடக் காட்சி நெருங்கித் தெரியும்). வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளை எஃப் 5.6, கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 1600. ஷட்டர் 1/15 நொடி திறந்திருக்கிறது, அதற்குள் நகர்வதெல்லாம் கலங்கும். குழந்தை தவழும் கோரைப்பாயின் ஒவ்வொரு கோடும் கூர்மையாக விழுந்திருக்கிறது. குழந்தையின் முகமும் கையும் மட்டும் கலங்கியிருக்கின்றன. கேமராவில் ஒரு குறையும் இல்லை. லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தை ஈடுகட்டும். தவழும் குழந்தையை அது நிறுத்தி வைக்காது.

கடையின் பின்னறையில் ஒரே ஒரு ட்யூப்லைட்டைப் போட்டு, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டிக் காட்டினேன். ஐஎஸ்ஓ அதே 1600. கிட் லென்ஸில் 1/15 நொடி கேட்ட இடத்தில் இது 1/160 நொடியில் வேலையை முடித்தது. கணக்கு எளிதுதான்: 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வருவதை அதாலேயே பெருக்கினால் ஏறத்தாழ 9.7. அத்தனை மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது என்பதை அவருக்கு விற்ற கடையில் யாரும் சொல்லவில்லை. 24 மெகாபிக்ஸல் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

திருச்சியில் 18 வருடமாகக் கேமரா சர்வீஸ் செய்கிறேன். "ரிப்பேர்" என்று என் மேஜைக்கு வரும் முதல் கேமராக்களில் பல இப்படித்தான், ரிப்பேரே இல்லாதவை. வாங்கியவர் எதைப் படம் எடுக்கப் போகிறாரோ அதற்கும் கையில் இருக்கும் லென்ஸுக்கும் பொருத்தம் இருக்காது. நொந்துபோய் பீரோவில் வைத்துவிடுவார். பீரோவில் கிடக்கும் லென்ஸ் இரண்டு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து மறுபடி என்னிடமே வரும். அப்போது உண்மையிலேயே ரிப்பேர்.

அதனால் "எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டு வருபவரிடம், "எதை எடுக்கப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்கிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது.

வீட்டில் குழந்தை, அதிகாலை முகூர்த்தம், கோயில் மண்டபம் என்றால் வெளிச்சத்தை அள்ளும், ஜூம் இல்லாத ஒற்றை லென்ஸ் வேண்டும். கேனனில் 2015-இல் வந்த 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் மலிவானது, நல்லது. ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமராக்கள்) படத்தைப் பதிவது ஏபிஎஸ்-சி என்னும் சிறிய சென்சார். பெரிய சென்சாரான ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24 மில்லிமீட்டர். கேனனின் ஏபிஎஸ்-சி 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். இதில் 50 எம்எம் லென்ஸ், ஃபுல் ஃபிரேமில் 80 எம்எம் காட்டும் அளவுக்குத்தான் காட்சியைக் காட்டும். நிற்கும் ஒருவரை உச்சி முதல் பாதம் வரை எடுக்க ஏறத்தாழ 15 அடி பின்னால் போக வேண்டும். நம் வீடுகளில் பத்துக்குப் பத்து அறைதான். சுவரில் முதுகு முட்டும். முகம், மார்பளவுப் படம் என்றால் கவலையில்லை.

நிகான் எடுப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் வழி எளிது. 35 எம்எம் எஃப் 1.8 டிஎக்ஸ் என்று ஒரு லென்ஸ் 2009-இலேயே வந்துவிட்டது. அதே ஆளை பத்தடியில் முழுசாக எடுக்கலாம். கேனனில் அறைக்குள் வசதியானது 24 எம்எம் எஃப் 2.8. ஆனால் கிட் லென்ஸும் 24 எம்எம்மில் எஃப் 4 தந்துவிடும் என்பதால் கிடைக்கும் கூடுதல் வெளிச்சம் இரண்டு மடங்குதான். கையடக்கமாக இருப்பதற்காக வாங்கலாம், அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

வேடந்தாங்கலில் பறவை எடுக்க வேண்டும் என்பவருக்குக் கணக்கே வேறு. பகல் வெளிச்சம் தாராளம், தூரம்தான் பிரச்சினை. கேனன் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் தொடக்கத்துக்குப் போதும். அந்தச் சிறிய சென்சார் இங்கே நமக்கு உதவுகிறது: 250 எம்எம், 400 எம்எம்போல நெருக்கிக் காட்டும். "300 வரை போகுது, விலையும் கம்மி" என்று 75-300 லென்ஸை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதில் ஸ்டெபிலைசர் கிடையாது, 300-இல் படம் கூர்மை இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும். நிகானின் ஏஎஃப்-பி 70-300 லென்ஸ் விஆர் (நிகானின் ஸ்டெபிலைசர்) உள்ளது, இல்லாதது என்று இரண்டு வகையாக வந்தது. பெயரில் விஆர் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

யூடியூப் எடுக்க வேண்டும் என்று வருபவர்கள்தான் இப்போது அதிகம். 1500டி-யிலும் நிகான் டி3500-இலும் வெளி மைக் செருகத் துளையே கிடையாது. வாங்கிய பிறகு மைக்கோடு வந்து "எங்க மாட்டுறது?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். கேனன் 200டி, 200டி மார்க் 2, நிகான் டி5600 ஆகியவற்றில் மைக் துளை உண்டு. அதிலும் 200டி வரிசையில் திரையைப் பார்த்து வீடியோ எடுக்கும்போது ஃபோகஸ் வேகமாகப் பிடிக்கும். 200டி மார்க் 2-இல் வேறொரு சிக்கல்: மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் நடுப்புள்ளித் தொடர்பு இல்லை. கேனன் முறைக்கென்று செய்த ஃப்ளாஷ் எரியும். எந்த கேமராவுக்கும் பொருந்தும் சாதா மேனுவல் ஃப்ளாஷ் எரியாது, தள்ளி வைத்த ஃப்ளாஷை எரியவைக்கும் சாதா ட்ரிக்கரும் வேலை செய்யாது. ஸ்டுடியோ வேலைக்கு உதவியாளராகப் போகப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிகானில் இன்னொரு பொறி உண்டு. டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் தானாக ஃபோகஸ் ஆகும். பழைய 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி மாட்டினால் கையால்தான் வளையத்தைத் திருக வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். அந்த ஏஎஃப்-பி லென்ஸும் டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. வாங்கும் இடத்திலேயே உங்கள் பாடியில் மாட்டி, ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில் டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா என்று கேட்காதவர் இல்லை. கேனனும் நிகானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் கொண்டுவரவில்லை. டி3500, டி5600 எல்லாம் உற்பத்தி நின்றவை. புதுக் கருவிகள் இனி வரும் என்று தோன்றவில்லை. அதனாலேயே நல்ல பாடியும் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் மலிந்து கிடக்கின்றன. கையில் பணம் குறைவாக இருந்து, கற்றுக்கொள்ளும் ஆசை நிறைய இருப்பவருக்கு இது நல்ல நேரம் என்பதே என் கருத்து. கேனனின் இஎஃப் லென்ஸ்கள் 1987 முதல் ஒரே மவுன்ட் (லென்ஸை பாடியில் மாட்டும் வளையம்). நாளைக்கு ஆர் வரிசை மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். பாடி பழசாகும், லென்ஸ் கூட வரும். அதனால் இருக்கிற பணத்தில் பாடிக்கு ஒரு படி குறைத்து, அந்த மிச்சத்தை லென்ஸுக்குப் போடச் சொல்கிறேன்.

ஆனால் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது என்னைப் போன்றவர்கள் செய்கிற சோதனைகளை நீங்களும் செய்ய வேண்டும். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை இழைபோலவோ வேர்விட்டது போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. ஒன்றிரண்டு தூசி இருந்தால் விடுங்கள், படத்தில் தெரியாது. அடுத்து, துளையை எஃப் 16-இல் வைத்து வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி, துடைத்தால் போய்விடும். கீறல் போகாது. சென்சாரை வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்ட சென்சாரைச் சுத்தம் செய்வது தூசியைவிடப் பெரிய வேலை.

ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். தொடக்கநிலை பாடிகளுக்கு 1 லட்சம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் அளவு. நிகானில் அந்த எண்ணிக்கை எடுத்த படத்தின் கோப்பிலேயே பதிந்திருக்கும். கேனனில் பெரும்பாலும் இருக்காது, சர்வீஸ் தெரிந்தவரிடம் காட்டித்தான் பார்க்க வேண்டும். பேட்டரி போடும் குழிக்குள் பச்சைக் களிம்பு இருந்தாலோ, மவுன்ட் திருகுகளில் துரு இருந்தாலோ விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்துவிடுங்கள். நீரில் மூழ்கிக் காயவைத்த கேமராவாக அது இருக்கலாம். இன்றைக்கு வேலை செய்யும், போகப் போக உள்ளே போர்டு அரித்துவிடும். பில் இல்லாத பொருளை எடுக்காதீர்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடிக்கு அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அது திருட்டுப் பொருளாக இருந்தால் காவல் நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

பூஞ்சையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் கண்ணீர் அதிகமும் அதனால்தான். நாகை, காரைக்கால் பக்கத்திலிருந்து வரும் லென்ஸ்கள் ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் வரிசையாக வரும். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 40 முதல் 50 வரை வைத்திருப்பது நல்லது. தோல் பையும் பஞ்சு வைத்த கேமரா பையும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எடுத்துப் போகத்தான் பை, வீட்டில் வைப்பதற்கு வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும் வழி ஒன்று உண்டு: ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டன என்று பொருள். புதிதாக மாற்றுங்கள், அல்லது மிதமான சூட்டில் காயவைத்து நீலம் திரும்பியதும் போடுங்கள். சமையல் பாத்திரத்தில் காயவைக்காதீர்கள், அந்த நீல நிறம் தரும் கோபால்ட் உப்பு நச்சு. அரிசியில் புதைப்பதும் வேண்டாம், தவிட்டுத் தூள் வளையங்களுக்குள் போய்விடும்.

பூஞ்சை லேசாக வந்த உடனே கொண்டுவந்தால் பிரித்துத் துடைத்துவிட முடியும். விட்டுவைத்தால் அது கண்ணாடி மேல் உள்ள பூச்சைத் தின்று தடம் போட்டுவிடும். துடைத்த பிறகும் அந்தத் தடம் அப்படியே இருக்கும், என்னால் மட்டுமல்ல, யாராலும் அதை எடுக்க முடியாது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது டப்பாவைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, பத்துப் படமாவது எடுத்துவிட்டு உள்ளே வையுங்கள்.