ஏர்ல்: சொல்லும் அதன் தமிழும்

இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்கள் உயர்விலிருந்து தாழ்வாக டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைக்கவுண்ட், பாரன் என ஐந்து. வரிசையில் நடுவே நிற்கும் ஏர்ல்தான் இவற்றுள் பழமையானது. டியூக் பட்டம் 1337இலும், மார்க்குவிஸ் 1385இலும், வைக்கவுண்ட் 1440இலும்தான் அந்நாட்டில் முதன்முதலாக வழங்கப்பட்டன. ஏர்ல் என்ற சொல்லோ பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியரின் 1066ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கு வெகு முன்பே அங்கே வேரூன்றியிருந்தது.

பழைய ஆங்கிலத்தில் இது 'எயோர்ல்'. உயர்குடிப் பிறந்தவன், போர்வீரன் என்பன அதன் பொருள். 'எயோர்லும் சியோர்லும்' என்று பழஞ்சட்டங்கள் இணைத்துக் கூறினால், உயர்ந்தோரும் எளியோருமாகிய அனைவரும் என்று கொள்ள வேண்டும். ஆகத் தொடக்கத்தில் இது பிறப்பைக் குறித்த சொல்லே, பதவியைக் குறித்ததன்று. மன்னனுக்காக ஒரு நிலப்பகுதியை ஆண்டவருக்கு அப்போது 'மூத்தவர்' என்று பொருள்படும் 'ஏல்டர்மன்' என்ற பெயர் இருந்தது. (1688இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியில் மேயருடன் அமர்ந்த பன்னிரண்டு 'ஆல்டர்மன்'களின் பெயர் இச்சொல்லின் வழிவந்ததே.)

டென்மார்க்கிலிருந்து வந்து 1016இல் அரியணை ஏறிய கனூட், மறு ஆண்டே நாட்டை வெசெக்ஸ், மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, நார்தம்பிரியா என நான்காகப் பகுத்தார். டென்மார்க் உள்ளிட்ட வட ஐரோப்பாவின் நோர்ஸ் மக்கள் தம் தலைவரை 'யார்ல்' என்றழைத்தனர். அதற்கு உறவான 'எயோர்ல்' அதே பொருளை ஏற்று, ஏல்டர்மனின் இடத்தைப் பிடித்தது. கனூட்டின் கீழ் வெசெக்ஸின் ஏர்லாக உயர்ந்த காட்வினின் மகன் ஹெரால்டு, பின்னாளில் மன்னராகவே முடிசூடினார்.

நார்மானியர் தம் பிரெஞ்சு மொழியின் 'கவுண்ட்' என்ற பட்டத்தை இங்கிலாந்தில் நிறுவியிருக்க முடியும். ஆயினும் ஏர்ல் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பெண்பால் வடிவம் இல்லாததால், ஏர்லின் மனைவி இன்றுவரை 'கவுண்டஸ்' எனப்படுகிறார். ஆட்சிப் பொறுப்பு படிப்படியாக, மன்னரின் மாவட்ட அதிகாரியான ஷெரிப்பிடம் சென்றது. ஏர்லுக்கு எஞ்சியது, இடையில் வாள் கட்டிப் பட்டமளிக்கும் சடங்கும், 'மூன்றாம் காசு' என்ற உரிமையும்: மாவட்ட நீதிமன்றத்தின் வருவாயில் மூன்று காசுக்கு ஒரு காசு பல ஏர்ல்களுக்குச் சேர்ந்தது.

தமிழில் இதைப் 'பிரபு' என்று எழுதி முடித்துவிடுகிறோம். அது போதாது. கார்ன்வாலிஸ் 1786இல் இந்தியாவுக்கு வந்தபோது ஏர்ல். மைசூர்ப் போருக்குப்பின் 1792இல் மார்க்குவிஸ் ஆனார். நம் பாடநூல்களில் இரு நிலையிலும் அவர் கார்ன்வாலிஸ் பிரபுதான். உயர்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. 'குறுநில மன்னர்' என்பதும் பொருந்தாது. ஏர்ல் மன்னரல்லர், மன்னரால் அமர்த்தப்பட்டவர்.

சோழர் கல்வெட்டுகளில் வரும் 'நாடாழ்வான்' என்ற பட்டமே நெருங்கிய இணை என்பது என் கருத்து. அதுவும் நிலத்தோடு பிணைந்தது, அரசன் அளித்தது. கனூட் காலத்து ஏர்லின் பரப்பு, நாட்டைவிடப் பெரிய பிரிவான சோழ மண்டலத்துக்கு ஒப்பாகப் பெரிது என்றாலும், நார்மானியர் காலத்தில் ஒரு மாவட்ட அளவுக்குச் சுருங்கிய ஏர்லுக்கு இச்சொல் நன்கு பொருந்துகிறது. ஆகவே இடைக்கால வரலாற்றை எழுதும்போது, செஸ்டர் என்ற பகுதியின் ஏர்லை 'செஸ்டர் நாடாழ்வான்' என்றும், வெறும் பட்டமாகிவிட்ட பிற்காலத்தவருக்கு 'ஏர்ல் கார்ன்வாலிஸ்' என ஒலிபெயர்த்தும் எழுதலாம்.