இஃதிராழ்: வலிகாரரின் உரிமையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘வலி’ என்று தமிழில் எழுதியதும் படிப்பவர் மனதில் வருவது நோவுதான். பழந்தமிழ் படித்தவருக்கு வலிமை. நிக்காஹ், அதாவது முஸ்லிம் திருமணம் பற்றிய எழுத்தில் வரும் வலி இந்த இரண்டும் அல்ல, மணப்பெண்ணின் திருமணத்துக்குப் பொறுப்பேற்கும் உறவினர். அந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதானோ என்னவோ, தமிழ் முஸ்லிம்கள் பேச்சில் அதோடு ஒரு ‘காரரை’ ஒட்டி ‘வலிகாரர்’ ஆக்கிவிட்டார்கள். பெண் தானே செய்துகொண்ட நிக்காஹை இவர் ஆட்சேபிக்கும் உரிமைக்குத்தான் இஃதிராழ் என்று பெயர். பெரும்பாலும் மணப்பெண்ணின் தந்தை. அவர் இல்லையென்றால் தந்தையின் தந்தை, உடன்பிறந்தவன், தந்தையின் உடன்பிறந்தவர் என்று தந்தைவழியில் வரிசை போகும்.

அரபியில் இதன் வேர் வ-ல-ய. அடுத்திருத்தல், நெருங்கியிருத்தல் என்று பொருள். இறைவனுக்கு நெருக்கமானவரும் வலிதான், பன்மையில் அவ்லியா. ‘காப்பாளர்’ என்று பெயர்த்தால் குழந்தையை வளர்ப்பவர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த உரிமைக்கு ஹிழானா என்று தனிப்பெயர் உண்டு. திருமணத்தில் வரும் வலிக்குப் ‘பொறுப்பாளர்’ என்பதே பொருந்தும் என்பேன்.

சரி, இஃதிராழுக்கு வருவோம். இதன் வேருக்கு அகலம் என்று பொருள். நீளவாக்கில் போகும் பாதையில் ஒரு மரம் அகலவாக்கில் விழுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் இஃதிராழ். நாமும் ஒரு காரியத்தை எதிர்ப்பவனைக் ‘குறுக்கே நிற்கிறான்’ என்றுதானே சொல்கிறோம்! (கடைசியில் வரும் ழகரம், ரமழானில் வரும் அதே அரபி எழுத்து.)

சட்டச் சொல்லாக இது முழு வேலை செய்வது ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் இஸ்லாமியச் சட்ட மரபு). வயதுவந்த, சித்தசுவாதீனமுள்ள பெண் தன் நிக்காஹைத் தானே செய்துகொள்ளலாம் என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் நிலை. ஆனால் அவள் தனக்குக் குஃபு (நிகர்) இல்லாத ஒருவரை மணந்தாலோ, மணமகன் தர வேண்டிய மணக்கொடையான மஹ்ரை மிகக் குறைத்து ஒப்புக்கொண்டாலோ வலிகாரர் ஆட்சேபிக்கலாம்.

மஹ்ர் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒரு பெண்ணின் அக்காவும் அத்தைகளும் பத்துப் பங்கு மஹ்ர் வாங்கியிருக்கிறார்கள். தந்தைவழிப் பெண்களின் இந்த அளவுக்கு மஹ்ருல் மிஸ்ல் என்று பெயர், ‘ஒப்பு மஹ்ர்’ எனலாம். இவள் நான்கு பங்குக்குச் சம்மதித்துவிட்டாள். தந்தை காழியிடம், அதாவது இஸ்லாமிய நீதிபதியிடம் போகிறார். காழி மாப்பிள்ளையைப் பார்த்து, மீதி ஆறு பங்கையும் கொடு, இல்லையென்றால் பிரித்துவைப்பேன் என்கிறார். கொடுத்துவிட்டால் தந்தைக்கு அப்புறம் பேச்சில்லை. இதில் இன்னொரு நுணுக்கம்: மஹ்ர் குறைந்ததற்காக வலிகாரர் ஆட்சேபிக்கவே முடியாது என்று அபூ ஹனீஃபாவின் சொந்த மாணவர்களான அபூ யூஸுஃபும் முஹம்மதும் மாறுபட்டார்கள். மஹ்ர் அவளுடைய சொத்து, குறைத்துக்கொள்வதும் அவள் பாடு என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்தப் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

குஃபு என்ற சொல்லைத் தொழுகிற எவருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில், அவனுக்கு நிகராக எவரும் இல்லை என்ற இடத்தில் வருவது இதே சொல். திருமணத்துக்கு வரும்போது ‘நிகரானவர்’ என்று பொருள். தமிழில் ‘பொருத்தம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஜாதகத்தை இழுத்துக்கொண்டு வரும், வேண்டாம். ‘நிகர்மை’ அல்லது ‘சமநிலை’ போதும். வம்சம், மார்க்கப் பற்று, செல்வம், தொழில் என்று ஹனஃபி நூல்கள் பட்டியல் நீட்டுகின்றன. இமாம் மாலிக் மார்க்கப் பற்றையே முதன்மையாகப் பார்த்தார். ஹனஃபிகளிலேயே இமாம் கர்கீ இந்த நிபந்தனையையே ஏற்கவில்லை.

இந்த உரிமையைத் தமிழில் சிலர் ‘தடுக்கும் உரிமை’ என்றும், சிலர் ‘ரத்து செய்யும் உரிமை’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே பிசகு. நிக்காஹ் ஏற்கெனவே நடந்துவிட்டது, ஆகவே தடுக்க ஒன்றுமில்லை. ரத்து செய்வதோ காழி, வலிகாரர் அல்ல. அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ‘இந்தக் கல்யாணம் செல்லாது’ என்று சொன்னால் அதற்கு மதிப்பில்லை. தீர்ப்பு வரும்வரை அவர்கள் கணவன் மனைவிதான். காழி பிரித்துவைத்தாலும் அது தலாக் ஆகாது, ஃபஸ்கு, அதாவது ஒப்பந்த முறிப்பு. (குஃபு இல்லையென்றால் அந்த நிக்காஹ் தொடக்கத்திலேயே செல்லாது என்று ஒரு அறிவிப்பு ஹனஃபிகளிடம் உண்டு, பிற்கால ஃபத்வாக்கள் (மார்க்கத் தீர்ப்புரைகள்) பல அதன்படி போயின. அங்கே இஃதிராழுக்கு வேலையே இல்லை.) ஆகவே என் தேர்வு ‘முறையீட்டுரிமை’. முறையிட ஒருவர், கேட்டுத் தீர்க்க இன்னொருவர் என்ற அமைப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ஆட்சேப உரிமை’யும் தவறில்லை, வடமொழி வழி வந்தது என்பதைத் தவிர.

முறையீட்டுக்குக் கெடுவும் உண்டு. வலிகாரர் பேசாமல் இருந்தார் என்பதால் மட்டும் உரிமை போகாது, ஆனால் குழந்தை பிறந்துவிட்டால் போய்விடும். சிரியாவின் 1953ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் பெண் கருவுற்றதுமே உரிமை முடிந்தது என்றது. எது நிகர் என்பதை ஊர் வழக்கத்துக்கே விட்டுவிட்டதும் அந்தச் சட்டம்தான்.

ஷாஃபியீ மத்ஹபில் கதை வேறு. வலி இல்லாமல் பெண் தானே செய்துகொள்ளும் நிக்காஹே செல்லாது என்பதால், பின்னால் வந்து முறையிடும் தேவை அங்கே அவ்வளவாக எழுவதில்லை. அங்கே சிக்கல் முன்கூட்டியே வரும். தகுதியான மாப்பிள்ளை, பெண்ணுக்கும் சம்மதம், வலிகாரர் மட்டும் காரணமில்லாமல் மறுக்கிறார். இதற்கு அழ்ல் என்று பெயர். பிரசவத்தில் குழந்தை வெளிவராமல் சிக்கிக்கொள்வதற்கும் அரபியில் இதே வேர்ச்சொல். தமிழில் ‘முடக்கிவைத்தல்’ எனலாம். அப்போது பொறுப்பு காழியின் கைக்குப் போகும்.

குர்ஆன் 2:232இல் ‘முடக்கிவைக்காதீர்கள்’ என்று வருவதும் இந்தச் சொல்தான். மஅகில் பின் யஸார் என்ற நபித்தோழரின் சகோதரியைக் கணவர் தலாக் சொல்லி, இத்தா என்ற காத்திருப்புக் காலம் முடிந்தபின் மீண்டும் பெண் கேட்டு வந்தார். அவளுக்கும் விருப்பம். மஅகிலுக்குக் கோபம் தாங்கவில்லை, ‘இனி ஒருபோதும் உன்னிடம் திரும்பி வரமாட்டாள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார். வசனம் இறங்கியது. அதே மனிதருக்கே சகோதரியைத் திரும்ப மணமுடித்துக் கொடுத்தார்.