தக்காளிக் குருத்து முறுக்கினால் பூச்சி மருந்தை எடுக்காதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் செம்பனை வரிசை முடிகிற இடத்திலேயே வீட்டுக் காய்கறிப் பாத்தி தொடங்கிவிடுகிறது. தோட்டத்தில் 2,4-டி கலந்த புல் மருந்து அடித்த சில நாளில் பாத்தியிலுள்ள தக்காளி, மிளகாய், வெண்டைக் குருத்துகள் முறுக்கிக்கொள்வதுண்டு. இலைப்பேன், வைரஸ் என்று நினைத்துப் பலர் பூச்சி மருந்தைத் தெளிக்கிறார்கள். காசும் வீண், செடிக்கும் கூடுதல் சுமை.

பழைய இலைகளைப் பாருங்கள். அவை நன்றாக இருந்து, புதுத்துளிர் மட்டும் வார்போல் ஒடுங்கி, நரம்புகள் நெருக்கமாக ஓடினால், பக்கத்துச் சோளமும் செராயும் (எலுமிச்சைப் புல்) எதுவும் ஆகாமல் நின்றால், காற்றில் வந்த புல் மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் செல்லுக்குள் இருக்கிறது. குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி, மணிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில் செல் செல்லாகக் கீழே இறங்குகிறது. செல்சுவரின் அமிலத்தன்மையில் (பிஎச் சுமார் 5.5) எளிதாக உள்ளே நுழையும் அது, பிஎச் 7 உள்ள உட்பகுதியில் மின்னேற்றம் பெற்றுச் சிக்கிக்கொள்கிறது. அதை வெளியேற்றுவது 'பின்' (PIN) என்ற வகைப் புரதங்கள். செல்லின் எந்தப் பக்கச் சவ்வில் அவை இருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் ஆக்சின் போகும். இந்தப் புரதங்கள் அங்கேயே நிலையாக இருப்பதும் இல்லை. நுண்பைகளில் உள்ளே இழுக்கப்பட்டு மறுபடி சவ்வுக்கு அனுப்பப்படுகின்றன. வேண்டாதவை செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பெரிய பையில் சிதைக்கப்படுகின்றன. சாய்ந்த செடியின் வேர்நுனியில் 'பின்3' என்ற அவ்வகைப் புரதம் சில நிமிடங்களில் கீழ்ப்பக்கம் இடம் மாறுகிறது. வேர் மண்ணை நோக்கித் திரும்புவது அதனால்தான்.

2,4-டி ஆக்சின் போலவே நடிக்கும் செயற்கைப் பொருள். ஆக்சினைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதம் அதையும் ஏற்றுக்கொள்கிறது. 'பின்' புரதங்களோ அதை வெளியே தள்ளுவதில் மிக மந்தம். இயற்கை ஆக்சினைப் போல அது சீக்கிரம் சிதைவதும் இல்லை. வளரும் நுனியில் தேங்கி, இலையின் வடிவத்தையே குலைக்கிறது. புல்லினங்கள் பெரும்பாலும் அதைச் சிதைத்துத் தப்பிவிடுகின்றன.

மருந்தடிப்பவர்கள் காற்று வீட்டுப் பக்கம் வீசும்போது நிறுத்திவிட வேண்டும். பெரிய துளி விழும் நாசில், குறைந்த அழுத்தம், தரையோடு ஒட்டிய தெளிப்பு ஆகியவை பாதுகாப்பு. 2,4-டியில் எஸ்டர் வகை வெயிலில் ஆவியாகிப் பரவும். அமின் வகையில் அந்த ஆபத்து குறைவு. அதே பம்பில் காய்கறிக்கு மருந்தடிப்பது பெரிய தவறு, கழுவிய பம்பிலும் மிச்சம் ஒட்டியிருக்கும். வேறு பம்பு இல்லையென்றால் மூன்று முறை அலசி, 16 லிட்டர் பம்பில் தண்ணீரோடு 160 மில்லி வீட்டு அமோனியா கலந்து, குழாயிலும் நிரப்பி, ஓர் இரவு வைத்துவிட்டு மறுபடி அலசுங்கள். குளோரின் பிளீச்சை அமோனியாவோடு சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

லேசாகப் பாதித்த செடிக்குத் தண்ணீர் மட்டும் போதும். பின்னால் வரும் துளிர்கள் நேராக விரிந்தால் பிழைத்துக்கொள்ளும். அதில் அப்போது காய்த்திருப்பதைப் பறித்துச் சமைக்காதீர்கள்.