டெக்சாஸில் ஸ்கூல் போர்டுக்கும் சட்டமன்றத்துக்கும் நிற்பது எப்படி: முதல் தடவை நிற்பவர்களுக்கு

குடியுரிமை வாங்கி, கையில் சின்னக் கொடியோடு போட்டோ எடுத்து, அடுத்த வாரமே வாக்காளராகப் பதிவும் செய்துவிடுகிறோம். அதோடு சரி. ஓட்டுப் போடும் உரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையும் கூடவே வந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. நான் இரண்டு ஸ்கூல் போர்டு தேர்தல்களில் தெரிந்தவர்களுக்காக வீடு வீடாகப் போய் கதவைத் தட்டியிருக்கிறேன், ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒரு தமிழ்க் குடும்பத்தில் கேட்பார்கள்: "இங்க பிறந்தவங்கதானே நிக்க முடியும்?" இல்லை. பிறப்பிலேயே குடிமகனாக இருக்க வேண்டும் என்ற விதி ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் மட்டும்தான். ஸ்கூல் போர்டு, நகரமன்றம், மாநிலச் சட்டமன்றம், கவர்னர் வரைக்கும் இடையில் குடியுரிமை பெற்றவர் தாராளமாக நிற்கலாம். 2023 ஜனவரியில் டெக்சாஸ் கீழவையில் பதவியேற்ற சல்மான் போஜானியும் சுலைமான் லாலானியும் பாகிஸ்தானில் பிறந்தவர்கள். போஜானி அதற்கு முன் யூலெஸ் நகரமன்றத்தில் இருந்தவர். பெரும்பாலும் வழி அப்படித்தான் போகிறது, முதலில் ஊர், அப்புறம் சட்டமன்றம் இருக்கும் மாநிலத் தலைநகர் ஆஸ்டின்.

ஸ்கூல் போர்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவருக்கு இதைவிட எளிய வாசல் கிடையாது.

டெக்சாஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்டு, பெரும்பாலும் 7 பேர். இவர்களை டிரஸ்டி என்கிறோம். பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டெண்ட்டை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் இவர்கள், ஆண்டு பட்ஜெட்டை நிறைவேற்றுவதும் உங்கள் வீட்டு வரி பில்லில் இருக்கும் பள்ளி வரி விகிதத்தை முடிவு செய்வதும் இவர்கள். புதுப் பள்ளி கட்ட கடன் பத்திரம் வேண்டுமா என்று மக்களிடம் ஓட்டுக்கு விடுவதும், எந்தப் பள்ளிக்கு எந்தத் தெரு என்று எல்லை பிரிப்பதும் இவர்கள் மேஜைக்குத்தான் வருகிறது. பிள்ளைகளின் படிப்புக்காகவே வீடு பார்த்துக் குடிவந்த நாம், அந்தப் படிப்பை நடத்துகிற இந்த மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தகுதி என்று பார்த்தால் கொஞ்சம்தான். அமெரிக்கக் குடிமகன், 18 வயது, விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன் தொடர்ந்து 12 மாதம் டெக்சாஸிலும் 6 மாதம் அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள்ளும் (மாவட்டம் வார்டுகளாகப் பிரிந்திருந்தால் அந்த வார்டுக்குள்ளும்) குடியிருந்திருக்க வேண்டும், அந்தக் கடைசி நாளுக்குள் அங்கேயே வாக்காளராகப் பதிவும் ஆகியிருக்க வேண்டும். பெரும் குற்ற வழக்கில் இறுதியாகத் தண்டனை பெற்று உரிமை திரும்பக் கிடைக்காதவர் நிற்க முடியாது. டிகிரி வேண்டாம், பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இதில் நம்மவர்கள் சறுக்குகிற இடம் குடியிருப்பு. நகரத்தின் பெயரும் பள்ளி மாவட்டத்தின் பெயரும் ஒன்றாக இருந்தால் எல்லையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். ஃபிரிஸ்கோ நகரத்துக்குள் இருக்கும் வீடு ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்திலும் இருக்கலாம், பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் மாவட்டங்களிலும் இருக்கலாம்; பிளேனோ முகவரி கொண்ட சில வீடுகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வருகின்றன. உங்கள் வாக்காளர் அட்டையையும் வரி பில்லையும் எடுத்துப் பார்த்தால் எந்த மாவட்டம் என்று தெரிந்துவிடும். பெரிய வீடு வாங்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனதில் மாவட்டம் மாறிவிட்டால், அந்த 6 மாதக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பமாகும்.

தேர்தல் வருவது மே மாதம் முதல் சனிக்கிழமை, அல்லது மாவட்டம் அப்படி முடிவு செய்திருந்தால் நவம்பர் பொதுத் தேர்தல் நாள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் தேர்தலுக்கு 78 நாள் முன்பு, மாலை 5 மணி. 2026 மே 2 தேர்தலுக்கு அது பிப்ரவரி 13. நவம்பர் 3 தேர்தலுக்கு ஆகஸ்ட் 17. விண்ணப்பத்தைப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது. நோட்டரி முன் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் எனக்குத் தெரியும் என்ற வரியும் அதில் இருக்கும். 5 மணிக்கு அலுவலகம் போய், ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டது அங்கேதான் தெரிகிறது என்றால் அந்த வருடம் போச்சு. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிடுங்கள், தவறு இருந்தால் திருத்திக் கொடுக்க நேரம் இருக்கும்.

பெயர் விஷயம் ஒன்று இருக்கிறது, நமக்கென்றே வைத்தது போல. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகப் போய்விட்டதால் வாக்குச்சீட்டிலும் அதுதான் வரும், ஊரே உங்களை வேறு பெயரில் கூப்பிட்டாலும். இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது: முதல் பெயரின் சுருக்கத்தையோ இனிஷியலையோ போடலாம், அல்லது குறைந்தது 3 வருடமாக எல்லோரும் கூப்பிடும் செல்லப் பெயரைச் சேர்க்கலாம், அது ஒரே சொல்லாக, ஆங்கிலத்தில் 10 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும், கோஷமாக இருக்கக் கூடாது. கதவைத் தட்டும்போது சொன்ன பெயரும் வாக்குச்சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் ஆள் தேடிக் கண்டுபிடிப்பார், அதனால் விண்ணப்பம் போடும் நாளிலேயே இதை முடிவு செய்துவிடுங்கள்.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் வராது. யார் பெயர் முதலில் என்பது சீட்டுக் குலுக்கலில். பெரும்பாலான மாவட்டங்களில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் வேண்டும் என்றில்லை. மே தேர்தலில் ஓட்டுப் போட வருபவர்கள் குறைவு, சில நூறு ஓட்டுகளில் முடிவு மாறிவிடும். எதிர்த்து யாரும் நிற்காவிட்டால் தேர்தலையே ரத்து செய்து உங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக அறிவிக்க வழி இருக்கிறது. பதவிக்காலம் 3 அல்லது 4 வருடம். சம்பளம் கிடையாது, ஒரு டாலர்கூட. மாதத்துக்கு ஒன்றிரண்டு கூட்டம் ராத்திரி வரை இழுக்கும், அதற்கு முன் நூற்றுக்கணக்கான பக்கம் படிக்க வேண்டும், ஜெயித்த முதல் வருடத்தில் கட்டாயப் பயிற்சிகளும் உண்டு. வீட்டில் இதைப் பேசி ஒத்துக்கொண்ட பிறகு இறங்குங்கள்.

இப்போது பணம். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பிரச்சாரப் பொருளாளர் யார் என்ற படிவத்தைக் கொடுக்கும் முன் ஒரு டாலர் வாங்கவும் கூடாது, செலவு செய்யவும் கூடாது. நண்பர் ஆசையாக நூறு டாலர் நீட்டினால் "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்ல வேண்டும், துண்டுப் பிரசுரம் அச்சடிக்க அட்வான்ஸ் கொடுப்பதும் அதற்கப்புறம்தான். ஸ்கூல் போர்டுக்கு அந்தப் படிவம் பள்ளி மாவட்டத்திடம், சட்டமன்றத்துக்கு ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷனிடம். பொருளாளராக நீங்களே இருக்கலாம். அப்புறம் வரவு செலவுக் கணக்கைச் சொன்ன தேதியில் கொடுக்க வேண்டும்: ஜனவரி 15, ஜூலை 15, போட்டி இருந்தால் தேர்தலுக்கு 30 நாள் முன்பும் 8 நாள் முன்பும். சின்ன அளவில் செலவு செய்பவர்களுக்குக் கணக்கைக் குறைத்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது, முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

யாரிடம் வாங்கலாம் என்பதில் நம் வட்டாரத்தில்தான் அதிகக் குழப்பம். குடிமக்களிடமும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களிடமும் வாங்கலாம். ஹெச்1பி, மாணவர் விசா, பார்வையாளர் விசாவில் இருப்பவர்களிடம் வாங்கவே கூடாது, ஊரில் இருக்கும் அண்ணன் அனுப்புகிறேன் என்றாலும் கூடாது. இது கூட்டாட்சிச் சட்டம், சின்ன ஊர்த் தேர்தலுக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் சம்பளம் இல்லாமல் தொண்டராக வேலை செய்யலாம், போன் பண்ணலாம், கூடவே நடந்து வரலாம். கம்பெனிப் பணம் வாங்க முடியாது, அதனால் ரெஸ்டாரண்ட் வைத்திருக்கும் நண்பர் கொடுத்தால் கம்பெனி செக் வேண்டாம், சொந்தக் கணக்கிலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பாகப் பதிவான தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்க முடியாது, பொங்கல் விழா மேடையில் உங்களுக்கு மட்டும் மைக் கொடுத்து ஓட்டுக் கேட்க வைத்தால் சிக்கல் சங்கத்துக்கு வரும். எல்லா வேட்பாளர்களையும் அழைத்துச் சமமாக நேரம் கொடுத்தால் பிரச்சினை இல்லை. விசாவில் இருப்பவரை, கிரீன் கார்டு வைத்திருப்பவரையும்தான், ஆர்வத்தில் வாக்காளராகப் பதிவு செய்யச் சொல்லிவிடாதீர்கள், அது அவரை நாடு கடத்தும் அளவுக்குக் கொண்டுபோய் விடும்.

வீட்டு முன்னால் வைக்கும் பிரச்சாரப் போர்டுக்கு உங்கள் குடியிருப்போர் சங்கம் தடை சொல்கிறதா? தேர்தலுக்கு 90 நாள் முன்பிலிருந்து தேர்தல் முடிந்து 10 நாள் வரை ஒரு வேட்பாளருக்கு ஒரு போர்டு வைக்க மாநிலச் சட்டமே அனுமதிக்கிறது, 4 அடிக்கு 6 அடிக்குள், தரையில் நட்டதாக இருக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை ஓரத்தில் நடக் கூடாது. வாக்குச்சாவடி வாசலிலிருந்து 100 அடிக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது.

ஜெயித்த பிறகு ஒரு எச்சரிக்கை. 7 பேர் போர்டில் 4 பேர் சேர்ந்து போர்டு விஷயத்தைப் பேசினாலே அது கூட்டம், கூட்டம் என்றால் மக்களுக்கு முன்கூட்டி அறிவித்துத் திறந்த இடத்தில் நடக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் பேசி முடிவெடுப்பது, ஒருவர் ஒருவராகப் போன் பண்ணி நாலு பேரைச் சேர்ப்பது எல்லாம் குற்றம். அதே மாதிரி, தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் அதிகாரத்துக்கு மேல் மாநிலம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்: 2023 ஜூனில் ஹூஸ்டன் பள்ளி மாவட்டத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகளின் அதிகாரத்தை எடுத்து, மாநிலக் கல்வித் துறை நியமித்த குழுவிடம் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் எழுதப்படுவது ஆஸ்டினில்.

சரி, ஆஸ்டின். கீழவையில் 150 பேர், மேலவையில் 31 பேர். கீழவைக்கு 21 வயது, மாநிலத்தில் 2 வருடம், தொகுதியில் 1 வருடம். மேலவைக்கு 26 வயது, மாநிலத்தில் 5 வருடம், தொகுதியில் 1 வருடம். குடியுரிமை வாங்கி இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற கணக்கு இங்கே இல்லை. அது வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸுக்கு, அங்கே கீழவைக்கு 7 வருடமும் செனட்டுக்கு 9 வருடமும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

இங்கே கட்சி வந்துவிடுகிறது. விண்ணப்பம் போடுவது அரசு அலுவலகத்தில் இல்லை, கட்சித் தலைவரிடம்: தொகுதி ஒரே கவுண்டிக்குள் இருந்தால் கவுண்டித் தலைவர், இல்லையென்றால் மாநிலத் தலைவர். கடைசி நாள் ஒற்றைப்படை வருடத்தின் டிசம்பர் இரண்டாவது திங்கள்கிழமை, அதாவது அடுத்த வருட நவம்பர் தேர்தலுக்கு ஏறக்குறைய 11 மாதம் முன்பே முடிந்துவிடுகிறது. கோடையில் யோசிக்கலாம் என்று விட்டவர்கள் எத்தனை பேர்! கட்டணம் கீழவைக்கு 750 டாலர், மேலவைக்கு 1,250 டாலர், பணத்துக்குப் பதிலாக வாக்காளர் கையெழுத்தும் கொடுக்கலாம், அதிகபட்சம் 500. கட்சி அனுமதி கொடுக்க வேண்டும், சீட்டு வாங்க வேண்டும் என்ற நம் ஊர் ஏற்பாடு இங்கே கிடையாது. தலைமை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தகுதியும் படிவமும் கட்டணமும் சரியாக இருந்தால் கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலின் வாக்குச்சீட்டில் உங்கள் பெயர் வந்தே தீரும். ஊரில் மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை நம்பவே கொஞ்ச நாள் பிடித்தது.

பிரைமரி மார்ச் முதல் செவ்வாய். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவருக்கும் மே நான்காவது செவ்வாயில் மறுபடி தேர்தல். டெக்சாஸில் வாக்காளர் பதிவின்போது கட்சி எழுத வேண்டியதில்லை, எந்தக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போடுகிறாரோ அந்த வருடத்துக்கு அவர் அந்தக் கட்சி. பல தொகுதிகள் ஒரு கட்சிக்கே சாதகமாக வரையப்பட்டிருப்பதால் உண்மையான போட்டி மார்ச்சிலேயே முடிந்துவிடும், உங்கள் தொகுதியில் கடந்த தேர்தலில் எந்தக் கட்சி எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தது என்று பார்த்தாலே புரியும். பிரைமரியில் தோற்றுவிட்டு அதே வருடம் சுயேச்சையாக நிற்க முடியாது.

2020 கணக்கெடுப்பில் டெக்சாஸ் மக்கள்தொகை 2 கோடியே 91 லட்சம், 150-ஆல் வகுத்தால் ஒரு கீழவைத் தொகுதிக்குச் சுமார் 1,94,000 பேர். அத்தனை பேரிடம் தெரியப்படுத்தப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், அதனால்தான் முதலில் ஸ்கூல் போர்டு என்கிறேன். அங்கே ஒரு முறை நின்று, தோற்றாலும் சரி, எந்தத் தெருவில் யார் ஓட்டுப் போட வருகிறார்கள் என்ற அறிவு கையில் இருக்கும். இன்னொன்று வேலை. சட்டமன்ற உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர், கூட்டம் நடக்கும் நாட்களுக்குத் தனியாகப் படி. ஒற்றைப்படை வருடம் ஜனவரி இரண்டாவது செவ்வாயில் தொடங்கி 140 நாள் வரை கூட்டம் நடக்கும், அடுத்தது 2027 ஜனவரி 12. ஐந்து மாதம் ஆபீஸை விட்டு ஆஸ்டினில் இருக்க உங்கள் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா, சம்பளம் நின்றால் வீட்டுக் கடன் எப்படிப் போகும் என்று விண்ணப்பம் போடும் முன்பே மேனேஜரிடமும் மனைவியிடமோ கணவரிடமோ உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

தேர்தல் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், பிரச்சாரக் கணக்கை மூடும் இறுதி அறிக்கை ஒன்று இருக்கிறது. தோற்றவர் அதைக் கொடுக்காமல் விட்டால் ஜனவரி 15-க்கும் ஜூலை 15-க்கும் கணக்குக் கொடுக்கும் கடமை வருடா வருடம் தொடரும், தவறினால் அபராதம். போர்டுகளைப் பிடுங்கி எடுக்கும் அதே வாரத்தில் அந்தப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.