பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடு: குழந்தையின் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு உதவி

தும்மல், வீசிங், தோல் அரிப்பு, பால் ஒவ்வாமை போன்றவற்றுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. பிறவியிலேயே எதிர்ப்புசக்தி சரியாக அமையாத குழந்தைகளுக்கானது இது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட தேசிய அரிய நோய்கள் கொள்கையில் இந்தக் குறைபாடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. 2022 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும்.

பணம் பெற்றோர் கைக்கு வராது. சிறப்பு மையமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனைக்குத்தான் போகும். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனை போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. தனியார் மருத்துவமனையில் கட்டிய பில்லைக் காட்டித் திரும்பப் பெறலாம் என்று நம்பி இருக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள மையத்துக்குக் குழந்தையை அழைத்துப் போனால், அவர்கள் பரிசோதித்துப் பதிவு செய்து, நிதிக்கும் அவர்களே விண்ணப்பிப்பார்கள்.

குழந்தையின் நோய் எந்தப் பிரிவில் வருகிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 'சிட்' (SCID) எனப்படும் கடுமையான கூட்டு எதிர்ப்புசக்திக் குறைபாடு, விஸ்காட்-ஆல்ட்ரிச் நோய் போன்றவை முதல் பிரிவு. ஒருமுறை ஸ்டெம் செல் மாற்று செய்தால் குணமாக வாய்ப்புள்ளவை. கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியே உருவாகாத எக்ஸ்-வழி அகாமாகுளோபுலினிமியா போன்றவை இரண்டாம் பிரிவு. இவர்களுக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடி மருந்து, ஏற்ற வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுக்க. எடைக்கு ஏற்ற டோஸ் என்பதால் பிள்ளை வளர வளரச் செலவும் கூடும். ஒருமுறைச் சிகிச்சைக்குப் பெரிய தொகையான 50 லட்சம், இவர்களுக்கு ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். கொள்கையின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

சரி, சந்தேகம் எப்போது வர வேண்டும்? ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, நான்கு முறையோ அதற்கு மேலோ காதில் சீழ், ஆன்டிபயாடிக் மாதக்கணக்கில் கொடுத்தும் கேட்காமை, எடை ஏறாமை. சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையே முதல் துப்பு தரும்: கைக்குழந்தைக்கு லிம்போசைட் (ஒருவகை வெள்ளை அணு) எண்ணிக்கை 3,000-க்குக் கீழே இருந்தால் 'சிட்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகைகளின் அளவுகள், எதிர்ப்பு அணுக்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, மரபணுச் சோதனை.

முந்தைய குழந்தை கிருமித்தொற்றில் இறந்திருந்தால், அடுத்த பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் பிசிஜி, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. 'சிட்' குழந்தைக்கு அதுவே ஆபத்து. சோதனை முடிவு வரும்வரை அதைத் தள்ளிவைப்பார்கள்.